கறுப்பு மணல்... கள்ளக் கடல்!

காவிரி, கொள்ளிடம் பார்த்து வளர்ந்த திருவெறும்பூர்ப் பசங்களுக்கு மணல் என்றால் வெளுப்புதான். ராத்திரி திருச்சி ஜங்ஷனில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை நாகர்கோவில். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் முட்டம், மணவாளக்குறிச்சி. இறங்கிப் பார்த்தால்... யாரோ மை கொட்டிவிட்ட மாதிரி கன்னங்கரேல் என்று கடற்கரை!

மை இல்லை, இல்மனைட். கூடவே செந்நிறத்தில் கார்னெட், கொஞ்சம் மோனசைட். 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுத்த தோரியம் எதற்குப் போனது தெரியுமோ? காஸ் லைட் மேண்டிலுக்கு! 'வைதேகி காத்திருந்தா'ளில் கவுண்டமணியும் செந்திலும் மல்லுக்கட்டினார்களே, சாட்சாத் அதே மேண்டில்!

"ரேடியேஷன் இருக்காமே ஸார்?" என்று நண்பர் இழுப்பார். இருக்கிறது. அரை நாள் சுற்றிவிட்டு வருகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மத்தியானத்தில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்கால் பொரிந்துவிடும், அதற்குத்தான் பயப்பட வேண்டும். அதைவிடப் பயப்பட வேண்டியது கடலுக்கு.

2024 மே 6. நம்ம திருச்சிப் பக்கத்து மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனவர்கள், முட்டத்துக்கு அந்தப் பக்கம் கணபதிபுரம் லெமூர் பீச்சுக்குப் போனார்கள். அலை அடித்துக்கொண்டு போனதில் ஐந்து பேர் பிணமாகத்தான் கிடைத்தார்கள். படித்து முடிக்கிற வயசு. பெற்றவர்களை நினைத்தால் இப்போதும் அடிவயிறு கலங்குகிறது.

அன்றைக்கு நம் கரையில் புயல் கிடையாது. பிறகெப்படி? மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் மாதிரி சொல்லாமல் வருமாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தெற்கே அண்டார்டிகா பக்கம் அடிக்கிற சூறாவளிக் காற்று கிளப்பிவிடுகிற அலை, இந்துமகா சமுத்திரம் முழுக்கப் பயணம் செய்து நம் காலடிக்கு வருகிறது. அலைக்கும் அலைக்கும் நடுவே இடைவெளி நீளம். அதனால் கடல் சாதுவாகத் தெரியும். 'முழங்கால் தண்ணிதானே மச்சான்' என்று நிற்கும்போதே ஒரு பெரிய அலை வாரிக்கொண்டு போய்விடும். ஐதராபாத்திலிருக்கும் 'இன்காய்ஸ்' நிலையம் இதை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. அந்த மே மாதமும் சொல்லியிருந்தது.

ஆகவே கிளம்பும் முன் செல்போனில் 'இன்காய்ஸ்' எச்சரிக்கை பாருங்கள். சிக்னல் இல்லையா, வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேளுங்கள். அவர் "எறங்காத மக்கா" என்றால் விவாதம் வேண்டாம். 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த ஊர் என்று பாறை நுனியில் நின்று போஸ் கொடுக்கிற ஹீரோக்களே, பாறை ஈரமாக இருக்கிறதென்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்! காய்ந்த பாறையில் உட்காருங்கள், சூரியாஸ்தமனம் அங்கிருந்தும் அதே அழகுதான்.

தப்பித்தவறி நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வரலாம். கரையில் நிற்பவர், காப்பாற்றுகிறேன் என்று பாய வேண்டாம். கயிறு, காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள். தண்ணி போட்டவரை ரூமிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம்.

ஞாபகார்த்தமாக ஒரு பாட்டில் மணல் அள்ளலாமா? ஊஹும்! மோனசைட் அணுசக்திச் சட்டத்தில் வருகிற சரக்கு. செருப்பில் ஒட்டியது போதும்!