கட்டிலுக்கு அடியில் கிறிஸ்துமஸ்

முன்வாசலில் நிற்காதீர்கள், அது போட்டோவுக்கு. அங்கே ஸ்டார் எரிகிறது, சீரியல் பல்பு ஓடுகிறது, குடிலில் மாதாவும் சூசையப்பரும் மண்டியிட்டு இருக்கிறார்கள். நீங்கள் இப்படிப் புறவாசல் வழியாக அடுக்களைக்குள் வாங்க. காலைப் பார்த்து வையுங்கள், தரையெல்லாம் அரிசி மாவு. சத்தம் மட்டும் வேண்டாம்! உள்ளே ஆறு வயதும் ஒன்றரை வயதும் இப்போதுதான் கண்ணை மூடியிருக்கின்றன. அதில் சின்னது எழுந்துவிட்டால் நாகர்கோவில் முழுக்கக் கிறிஸ்துமஸ் நடக்கும், எங்கள் வீட்டில் மட்டும் நடக்காது.

காலண்டரில் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. எங்கள் மாவட்டத்துக்கு அது டிசம்பர் 3-ஆம் தேதியே வந்துவிடும். அன்று கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. 1552-ல் சவேரியார் இறந்த நாள் அது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. எந்தச் சாதி, எந்த மதம் என்றில்லாமல் எல்லோரும் கோட்டாற்றில்தான் நிற்பார்கள். ராட்டினம் சுற்றி, பஞ்சுமிட்டாயைத் தலைமுடி வரை அப்பிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்பிய ராத்திரி, மாமி, அதாவது என் மாமியார், காலண்டர் முன்னால் போய் நின்று, "இனி நாளில்ல, கேட்டியா?" என்பார். அவ்வளவுதான். மறுநாள் காலையிலிருந்து இந்த வீட்டில் எல்லாமே ரகசியம்.

ரகசியம் காக்க எங்களிடம் இருப்பது இரண்டு அறையும் ஒரு பரணும். புதுத் துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில், 'குளிர்காலப் போர்வை' என்று எழுதி ஒட்டிய அட்டைப்பெட்டியில். நாகர்கோவிலில் ஏது குளிர்காலம் என்று மூத்தவனுக்கு இன்னும் கேட்கத் தோன்றவில்லை. கேக், அலமாரிக்கு மேலே பழைய குக்கர் பெட்டிக்குள். அவன் கேட்ட ரிமோட் கார் பக்கத்து வீட்டு அக்காவின் பீரோவில்! தீபாவளிக்கு அவர்கள் வாங்கிய பட்டாசு எங்கள் பரணில்தான் ஒளிந்திருந்தது. இது அதற்குக் கணக்கு.

குழந்தை இயேசு இருப்பது அரிசி டிரம்முக்குள். 24 நள்ளிரவு வரை குடிலில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது முறை. சொரூபத்தைச் சின்னவள் கைக்கு எட்டாமல் வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. மூத்தவன் அரிசி எடுக்க வந்த பாட்டியோடு சேர்ந்து எட்டிப் பார்த்துவிட்டான். வீடு சந்திக்க வந்த பங்குச்சாமியிடம், "சாமி, எங்க வீட்டுல இயேசு அரிசி டிரம்முக்குள்ள இருக்காரு" என்று அறிக்கை வேறு. மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. சாமி அசரவில்லை. "அப்போ சோத்துக்குக் கஷ்டமே வராது மக்கா" என்றார்.

இத்தனைக்கும் நடுவில் அரையாண்டுத் தேர்வு. அதைக் கண்டுபிடித்தவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கவே மாட்டார்கள். 22, 23 வரை இழுத்துக்கொண்டு போகும். நான் ஒரு கையில் பயறு வறுத்துக்கொண்டு மறு கையில் பாடப்புத்தகத்தைப் பிடித்தபடி வீட்டு விலங்குகளைக் கேட்பேன். அவன் கண் ஜன்னலைத் தாண்டி ஸ்டாரில் இருக்கும். பரீட்சை முடிந்து வந்தவனிடம் மூன்று வீட்டு விலங்குக்கு என்ன எழுதினாய் என்றேன். "பசு, கழுதை, ஒட்டகம்." குடிலைப் பார்த்தே எழுதியிருக்கிறான்! டீச்சர் வீட்டிலும் குடில் இருக்கும், மார்க் போட்டுவிடுவார்.

குடில் என் வீட்டுக்காரருடைய இலாகா. மாதத்தின் நடுவிலேயே கேழ்வரகை ஊறவைத்துத் தட்டில் தூவிவிடுவார். பண்டிகைக்குள் அது விரல் உயரத்துக்குப் பச்சைப் புல்லாக வளர்ந்து நிற்கும். வைக்கோல் கூரை, சாக்கில் சாயம் தேய்த்த மலை, கண்ணாடித் துண்டில் குளம். அழகுதான். சின்னவள்தான் அதற்குப் பூகம்பம். ஆட்டிடையர் ஒருவரின் கை போன வருடமே போய்விட்டது. ஒட்டகத்துக்கு இந்த வருடம் கழுத்தில் பசை. மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் பச்சை நிற டைனோசர் ஒன்று நிற்கிறது. அதை எடுத்தால் வீடு இரண்டாகிறது என்பதால் அதுவும் பெத்லகேம் போய்ச் சேர்ந்துவிட்டது. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-ல் கிரேச்சோ ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தியே குடில் அமைத்தாராம். நடத்தியிருப்பார், நடத்தியிருப்பார். அவர் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை கிடையாதே!

சரி, அடுப்புப் பக்கம் வாங்க. இதைப் பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

இப்போது மணி பதினொன்று. மாமி, மைனி, நான். மைனி இவருடைய அக்கா. வருடம் முழுக்க என் சமையலில் உப்பு பார்ப்பவர், இந்த வாரம் மட்டும் என் கட்சி. மாமி கையில் இருக்கிற அச்சு அவர் மாமியார் கொடுத்தது. நீளக் கம்பியின் நுனியில் பூ. கைப்பிடியில் சுற்றிய துணி எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. அச்சுமுறுக்கு மாவில் பச்சரிசி, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் கறுப்பு எள்ளு. செய்வது சுலபம் என்று நினைக்காதீர்கள். முதலில் அச்சைக் கொதிக்கிற எண்ணெயில் நிறுத்திச் சூடேற்ற வேண்டும். சூடு குறைந்தால் மாவு ஒட்டாது, ஏறினால் ஒட்டுவதற்குள் தீய்ந்துவிடும். பிறகு மாவில் முக்க வேண்டும், அதுவும் முக்கால் உயரம்தான். மேல்விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அச்சைப் பூட்டிக்கொள்ளும். கத்தி வைத்துச் சுரண்டத்தான் வேண்டும். சரியாக முக்கினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். எண்ணெயில் இறக்கிப் பைய ஓர் உலுக்கல். பூ கழன்று மிதக்கும். "அவசரப்படாத மக்கா, அதுவா விடும்" என்பார் மாமி. கடையில் கிலோக்கணக்கில் அச்சுமுறுக்கு கிடைக்கிறது, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்தக் கழன்று மிதக்கிற நொடியைக் கண்ணால் பார்த்ததில்லை.

முந்திரிக்கொத்து மைனியின் பொறுப்பு. வறுத்துத் திரித்த சிறுபயறு மாவு, வறுத்த தேங்காய்த் துருவல், எள்ளு, சுக்கு, ஏலம். மேலே கொதிக்கக் கொதிக்கப் பாகு. ஆறினால் உதிரும். அதனால் சூட்டோடு உருட்ட வேண்டும். உள்ளங்கை சிவந்து, "எம்மோ" என்று உதறி உதறி உருட்டுவார். மும்மூன்றாக ஒட்டவைத்து, மஞ்சள் சேர்த்த மாவில் முக்கிப் பொரித்தால் கொத்து.

கை வேலை செய்யும்போதுதானே வாய் ஓடும்? பகலெல்லாம் மாமி, மாமியார்தான். இந்த நேரத்தில் அச்சைக் கையில் எடுத்தால் அவர் இந்த வீட்டுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸுக்குப் போய்விடுவார். முதல் முறுக்கை அச்சோடு சேர்த்து எண்ணெய்க்குள் விட்டது, அதை எடுக்க மாமனார் கொடுக்குப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது, அவர் அம்மா பார்த்துவிடுவாரோ என்று இரண்டு பேரும் சட்டியைச் சேலையால் மறைத்தது. பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதென்று மூன்று பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கிறோம். 25-ஆம் தேதி என்பது மற்றவர்களுக்கு. என் கிறிஸ்துமஸ் இந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான்.

டும், டும், டும்! கேட்டதா? கேரல் வந்துவிட்டது. முறுக்கு பொரிக்கிற ராத்திரி பார்த்துக் கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி எங்கள் தெருவுக்கு வருவார்கள். டிரம், கித்தார், மைக், பின்னால் பாதித் தூக்கத்தில் பாட்டுப்புத்தகம் பிடித்த பொடியன்கள். சின்னவளைத் தூங்கவைக்க நான் பட்ட பாடெல்லாம் ஒரே டும்மில் போச்சு. நடுவில் கிறிஸ்துமஸ் தாத்தா: சிவப்புச் சாட்டின் உடுப்பு, வயிற்றில் தலையணை, ரோஸ் கன்ன முகமூடி. சின்னவள் அதைப் பார்த்து ஊரைக் கூட்டுகிறாள். மூத்தவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்க்கிறான்.

"தாத்தா, இது எங்க சித்தப்பா செருப்புல்லா?"

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. என் கொழுந்தன் முகமூடிக்குள்ளிருந்தே சமாளித்தார்: "ஆமா மக்கா. பனியில வந்ததுல என் பூட்ஸ் நனைஞ்சு போச்சு. கடன் வாங்கிட்டு வந்தேன்."

மறுநாள் காலையில் சித்தப்பாவைப் பிடித்து, தாத்தா செருப்பைத் திருப்பித் தந்தாரா என்று இவன் விசாரித்தது தனிக் கதை. பாடி, ஜெபித்து, காணிக்கை வாங்கி, சுக்குக்காப்பி குடித்து அவர்கள் கிளம்பும்போது பொரித்து வைத்த முதல் டின் காலி. மாமிக்கு அதில்தான் பெருமை.

24-ஆம் தேதியை வேகமாகக் கடந்துவிடலாம், நானும் அப்படித்தான் கடக்கிறேன். அன்றைக்குப் பெரிய வேலை, டப்பா கணக்கு. தீபாவளிக்குப் பலகாரம் வந்த பாத்திரங்கள் பரணில் காத்திருக்கின்றன. எதுவும் வெறுமையாகத் திரும்பக் கூடாது. கேக் ஒரு துண்டு, முறுக்கு, கொத்து. எது யாருடையது என்பதற்கு அடியில் வெட்டிய பெயர்தான் சாட்சி. 'புதுமனை புகுவிழா 1998' என்று மட்டும் வெட்டிய தூக்குவாளி ஒன்று இருக்கிறது. யார் வீட்டுப் புதுமனை என்று மாமிக்கே தெரியாது. வருஷா வருஷம் யார் வீட்டுக்காவது அதில் பலகாரம் கொடுத்தனுப்பித் தலைமுழுகப் பார்க்கிறோம். பொங்கலுக்குள் சர்க்கரைப்பொங்கலோடு திரும்பி வந்துவிடுகிறது.

அப்புறம் தையல்காரர். நவம்பரில் கொடுத்த பிளவுஸ். "ஹூக் மட்டும்தான் அக்கா பாக்கி" என்கிற வாக்கியத்தைச் சொல்லாத தையல்காரர் உலகத்தில் உண்டா? ராத்திரி எட்டு மணிக்குக் கையில் கிடைத்தது, அந்த ஹூக் இல்லாமல். கிறிஸ்துமஸ் போட்டோவில் நான் சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு பக்தியாக நிற்கிறேனே, அந்தப் பக்திக்கு உள்ளே நாலு ஊக்கு இருக்கிறது.

நள்ளிரவுத் திருப்பலிக்குப் பையில் என்ன எடுத்துப் போவேன் என்று பார்க்கிறீர்களா? டயாபர், தண்ணீர், மாற்று உடுப்பு, மட்டிப் பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கன்னியாகுமரி மட்டிதான். எங்களூரில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கிற பழம், கோயிலில் வாயை அடைக்கவும் அதுதான். வானவர் கீதம் தொடங்கியது. மணியெல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கிறது, குடிலின் திரை விலகுகிறது, வெளியே வெடி அதிர்கிறது. சின்னவள் என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்குகிறாள். சாமி மைக்கைப் பிடித்து, கோயிலே அமைதியாகி, மறையுரையின் முதல் சொல் விழுந்ததும் கண்ணைத் திறந்து, "ம்மா, பயம்!" என்கிறாள். முன்வரிசை முழுக்கத் திரும்பியது. பயம் இல்லை, பழம்தான் கேட்கிறாள் என்று நான் ஒவ்வொருவராக விளக்கிக்கொண்டா இருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து அரிசி டிரம்மைத் திறந்தோம். மூத்தவன் தவிட்டை ஊதிவிட்டு, குழந்தை இயேசுவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைக்கோலில் வைத்தான். டைனோசரைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டான். அதற்கு மேல் தூங்க எங்கே நேரம்? இவர் விடியுமுன்னே இறைச்சிக்கடை வரிசையில். நான் ஆப்பச்சட்டி முன்னால். மாமி கோழிக்குழம்பில். காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்த்தீர்களே, ஸ்டாருக்குக் கீழே ஆறு பேரும் சிரிக்கிற படம்? அதில் தெரியாதது: இடது ஓரத்தில் வெட்டப்பட்ட துவைக்காத துணிக்குன்று, படம் முடிந்த மறுநொடி ஃபிராக்கைக் கழற்றி எறிந்த சின்னவள், மாமி விரலில் எண்ணெய் தெறித்த கொப்புளம், என் நாலு ஊக்கு. படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்ததை எடுக்க ஆளில்லையே என்றிருக்கிறது.

மத்தியானம் பிரியாணி, பக்கத்து வீட்டு அக்கா, ரிமோட் கார், அலறல். கார் நேராகக் குடிலுக்குள் போய் ஒட்டகத்தை இடித்தது. கழுத்து மறுபடியும் போச்சு.

இனி ஸ்டார்தான் பாக்கி. மழைக்காக மேலே பாலித்தீன் கட்டியிருக்கிறது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை எரிய வேண்டும், அது முறை. அதற்கு அப்புறம் இறக்க வேண்டும், அதுவும் முறைதான். ஆனால் இறக்க ஏணி வேண்டும். ஏணியைக் கொழுந்தன் வாங்கிப் போனார், அவரிடமிருந்து பெயிண்ட் அடிக்கிறவர் வாங்கிப் போனார், அவரிடமிருந்து யார் வாங்கினார் என்பதை இவர் இப்போதே போனில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். போன வருடம் பொங்கலன்று வாசலில் கரும்பைச் சாத்திவிட்டு மாமி அண்ணாந்து பார்த்தார். ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது.

"கெடக்கட்டும் மக்கா, வெளிச்சம்தானே" என்றார்.