மின்சாரம் நின்றாலும் கதவு திறக்க வேண்டும்

கார்க் கதவைத் திறப்பதற்கு ஒரு கட்டுரையா என்று நீங்கள் எண்ணக்கூடும். சிறு குழந்தைக்கும் தெரிந்த செயல்தானே! ஆனால், இன்று விற்பனையாகும் பல கார்களில் கதவைத் திறக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நாள்தோறும் பயன்படுவது. மற்றொன்று, மின்சாரம் நின்றுபோகும் வேளையில் உயிரைக் காப்பது. காரில் ஏறும் பலருக்கு அந்த இரண்டாவது வழி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. இக்கட்டுரையை நான் எழுதக் காரணம் அதுதான்.

கதவினுள் நடப்பது என்ன?

கதவின் விளிம்பில் ஒரு கொக்கி இருக்கிறது. கதவை மூடும்போது அது காரின் உடற்பகுதியில் உள்ள இரும்பு வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. கொக்கி விலகிவிடாமல் ஒரு சிறு தடுப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. இவ்விரண்டும் சேர்ந்ததே தாழ். கதவைத் திறப்பது என்றால் அந்தத் தடுப்பை விலக்குவதுதான்.

வழக்கமான கார்களில் கைப்பிடியை இழுத்தால், அதனோடு இணைந்த கம்பி தடுப்பை நேரடியாக விலக்கும். தொலைவிலிருந்து பூட்டும் சாவி இருப்பதால் எல்லாம் மின்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. அத்தகைய பெரும்பாலான கார்களில் மின்சாரத்தால் இயங்குவது பூட்டு மட்டுமே. தாழ் கம்பியால்தான் இயங்குகிறது. பேட்டரி செத்துப்போனாலும் முன் இருக்கையில் இருப்பவர் பூட்டைக் கையால் விலக்கி, கைப்பிடியை இழுத்து வெளியே வந்துவிடலாம்.

மின் தாழ் அப்படியன்று. அங்கே கைப்பிடி வெறும் சுவிட்சு. அதைத் தொட்டதும் காரின் கணினிக்குச் செய்தி போகிறது. கணினி ஒரு சிறு மோட்டாரை இயக்க, மோட்டார் தடுப்பை விலக்குகிறது. மின்சாரக் கார்தானே, பெரிய பேட்டரி இருக்கிறதே என்றால், கதவுகள் அதை நேரடியாக நம்பியிருப்பதில்லை. பொதுவாக 12 வோல்ட் அளவிலான தனியொரு சிறு பேட்டரியே அவற்றை இயக்குகிறது. பெரிய பேட்டரி நிறைந்திருக்கும்போதே சிறியது ஓய்ந்துபோகலாம். விபத்தில் இணைப்பு அறுந்தும் போகலாம். அதனால்தான் மோட்டாரைத் தவிர்த்துத் தடுப்பை நேராக இழுக்கும் அவசரக் கம்பி ஒன்றைத் தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள்.

இருந்தும் எட்டாத பிடி

இது மின்சாரக் கார்களோடு பிறந்த சிக்கலன்று. 2005-ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரலே கோர்வெட் பெட்ரோல் கார்தான். அதன் கதவை உள்ளிருந்து திறப்பது ஒரு பொத்தான். மின்சாரம் இல்லாத வேளைக்கென இருக்கையின் பக்கத்தில், தரையில் ஒரு பிடி உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெக்சஸ் மாநிலத்தில், இவ்வகைக் கார் ஒன்றினுள் ஒரு முதியவரும் அவருடைய நாயும் கடும் வெப்பத்தில் சிக்கி மாண்டனர். பேட்டரியின் இணைப்பு கழன்றிருந்தது. தப்பிக்கும் பிடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

டெஸ்லா கார்களைப் பாருங்கள். மாடல் 3 காரின் முன்கதவில், கண்ணாடியை இறக்கும் சுவிட்சுகளுக்கு அருகில் அவசரப் பிடி இருக்கிறது. ஆனால் 2023 வரையிலான மாடல் 3 கார்களின் பின்கதவுகளில் அப்படி ஒன்றே இல்லை. பின்கதவில் அவசரக் கம்பி உள்ள மாடல் Y கார்களில், கதவுப் பையின் அடியிலுள்ள விரிப்பை எடுத்து, மூடியை அகற்றி, கம்பியை இழுக்க வேண்டும். மாடல் X காரின் பின்கதவில் ஒலிபெருக்கியின் மூடியைக் கழற்ற வேண்டும். புகை சூழ்ந்த இருட்டில், முதன்முறையாக அந்தக் காரில் ஏறிய ஒருவரால் இது முடியுமா?

ஆபத்தில் மனிதனின் கை பழகிய இடத்துக்கே போகும். கையேட்டின் பக்கத்தை நினைவுகூர்ந்து தேடாது. அன்றாடக் கைப்பிடி ஓரிடம், அவசரப் பிடி வேறிடம் என்று பிரித்ததில்தான் குறை இருக்கிறது என்பது என் கருத்து. அன்றாடப் பிடியையே இன்னும் பலமாக இழுத்தால் கம்பி தடுப்பை விலக்கும்படி அமைக்க முடியும். அப்படி அமைந்த கதவுக்குக் கையேடு தேவையில்லை.

சட்டத்தின் பங்கு

1998-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளில் 11 குழந்தைகள் காரின் பின்பெட்டிக்குள் சிக்கி இறந்தனர். அதன் விளைவாக, 2001 செப்டம்பர் முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களின் பின்பெட்டிக்குள் திறக்கும் வசதி கட்டாயமாயிற்று. இருட்டில் ஒளிரும் அந்தச் சிறு பிடியைக் குழந்தையும் இழுக்கலாம்.

கதவுகளின் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை, 2021-ஆம் ஆண்டின் ஏறத்தாழ 1,74,000 மாடல் Y கார்களின் வெளிக் கைப்பிடிகளைப் பற்றி விசாரணை தொடங்கியது. உள்ளே குழந்தை இருக்கக் கதவு திறக்காமல், கண்ணாடியை உடைத்த பெற்றோரும் புகார் செய்திருந்தனர். சீனாவின் புதிய விதியின்படி, 2027 ஜனவரி 1 முதல் கதவுகளுக்கு உள்ளேயும் வெளியேயும் மின்சாரமின்றித் திறக்கும் வழி இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

டெஸ்லா 2021-இல் சிங்கப்பூரிலும் 2023-இல் மலேசியாவிலும் விற்பனைக்கு வந்தது. நண்பரின் காரிலோ வாடகைக் காரிலோ பின் இருக்கையில் அமர்பவர்கள் பெரும்பாலும் மாணவர்களாகிய நாம்தாம். ஆகவே,

1. மின் தாழ் உள்ள காரில் ஏறியதும், "மின்சாரம் போனால் இந்தக் கதவை எப்படித் திறப்பது?" என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.

2. உங்கள் குடும்பத்தில் அத்தகைய கார் இருந்தால், அம்மா, தாத்தா, தம்பி, தங்கை அனைவரையும் ஒருமுறை அவசரப் பிடியைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். சட்டமில்லாக் கண்ணாடியுள்ள கதவானால், இழுத்துப் பார்க்குமுன் கண்ணாடியைச் சற்று இறக்கிவிடுங்கள்.

3. கண்ணாடியை உடைத்துத் தப்பலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இரண்டு அடுக்குகளை ஒட்டிச் செய்த பக்கக் கண்ணாடி சிறு சுத்தியலுக்கு எளிதில் வழிவிடாது.

கார் வாங்கும் நாள் நம்மில் பலருக்கு வரும். அன்று விலையையும் வேகத்தையும் விசாரிக்கும்போது, இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால், செய்பவர்களும் மாற்றத் தொடங்குவார்கள்.