கேம் எழுதும் பிள்ளைகள்

திருவனந்தபுரத்தில் பூஜப்புரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மத்தியச் சிறைதான் நினைவுக்கு வரும். கேரளப் பள்ளிக் கல்வித் துறையின் தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’டின் தலைமையகமும் அங்கேதான் இருக்கிறது. 2001-ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற பெயரில் திட்டமாகத் தொடங்கி, 2017-ல் அரசு நிறுவனமாக மாறியது. வீடியோ கேம் என்றதும் பெற்றோர் முகம் சுளிக்கிற காலத்தில், அதைப் பாடப்புத்தகத்துக்குள்ளேயே கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான கணினிப் பாடநூலுக்கு ‘களிப்பெட்டி’ என்று பெயர். மவுஸைப் பிடித்து இழுக்கவும், எழுத்துகளையும் எண்களையும் அடையாளம் காணவும் சின்னச் சின்ன விளையாட்டுகள் வழியாகவே பழக்குகிறார்கள். பள்ளிக் கணினிகளில் ஓடுவது ‘கைட் குனு லினக்ஸ்’ என்ற இயங்குதளம். 2000-ல் பிரான்ஸில் ஒரு நிரலாளர் தொடங்கிய கல்வி விளையாட்டுத் தொகுப்பான ‘ஜிகாம்ப்ரி’, சிறுவர்கள் படம் வரையும் ‘டக்ஸ் பெயின்ட்’ என்று அதில் இருப்பவை கட்டற்ற மென்பொருள்கள். காசு கொடுக்க வேண்டாம், பிரதி எடுக்கலாம், உள்ளூர் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் இதே ஊரில்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டது. அந்தக் காற்று பள்ளிக்கூடத்துக்குள்ளும் வீசியதில் வியப்பில்லை.

‘கல்வி விளையாட்டு’ என்று கடைகளிலும் செல்போன்களிலும் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை வேஷம் கட்டிய பரீட்சைதான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சரியாக அழுத்தினால் ஒரு நட்சத்திரம், தப்பாக அழுத்தினால் ஒரு அழுமூஞ்சிப் பொம்மை. குழந்தைகள் இரண்டே நாளில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு ஆசையெல்லாம் நட்சத்திரத்தின் மேல் இருக்குமே தவிர வாய்ப்பாட்டின் மேல் இருக்காது. சிறு வகுப்பில் கை பழக அது போதும். கற்கும் ஆர்வம் வளர வேண்டுமென்றால் விளையாட்டைக் குழந்தையே செய்து பார்க்க வேண்டும்.

கேரளம் அந்தக் கட்டத்துக்கும் போனது. 2018-ல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. இன்று 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அவை இருக்கின்றன, உறுப்பினர்கள் லட்சத்தைத் தாண்டுகிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு திறனறித் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். அனிமேஷன், செல்போன் செயலி, ரோபாட்டிக்ஸ் என்று பலதும் உண்டு. 2023 ஓணத்தை ஒட்டிப் பள்ளிகளில் நடந்த முகாம்களின் பொருளே ஓணம்தான். செண்டை மேளத்தின் தாளத்தைக் கணினியில் அமைப்பது, பூக்களம் போடுவது, ‘ஸ்கிராட்ச்’ மென்பொருளில் ஓண விளையாட்டுகளை உருவாக்குவது என்று பிள்ளைகள் இறங்கினார்கள்.

ஸ்கிராட்ச் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். கூடையில் பூ விழுகிற ஒரு விளையாட்டைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஸ்கிராட்ச் திரையின் நடுப்புள்ளி பூஜ்யம். இடமும் வலமும் 240 வரை, மேலும் கீழும் 180 வரை. பூ கீழே வர வேண்டுமென்றால் அதன் உயரத்தைக் குறிக்கும் y மதிப்பில் மைனஸ் 5 சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மைனஸை மறந்தால் பூ மேலே பறக்கும். குறை எண் எதற்கு என்று மூன்று பீரியட் விளக்கினாலும் புரியாத பிள்ளைக்கு, பறந்த பூ ஒரு நொடியில் புரிய வைத்துவிடும். பூ ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து விழ வேண்டுமா? மைனஸ் 240-க்கும் 240-க்கும் இடையே ஏதாவது ஓர் எண்ணை எடு என்று சொல்ல வேண்டும். மதிப்பெண்ணை நினைவில் வைக்க ஒரு மாறி வேண்டும். அல்ஜீப்ராவின் x இப்படித்தான் பயமில்லாமல் வீட்டுக்குள் வருகிறது.

சுவாரசியமே இதற்கு மேல்தான். விளையாட்டை ஓடவிட்டால், கூடையில் ஒரே பூ விழுந்திருக்கும், மதிப்பெண்ணோ ஏழு எட்டு என்று எகிறியிருக்கும். பூ கூடையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ‘தொட்டால் ஒன்று கூட்டு’ என்ற கட்டளை திரும்பத் திரும்ப ஓடுவதுதான் காரணம். தொட்டவுடன் பூவை மேலே அனுப்பிவிட்டால் தீர்ந்தது. இதை வாத்தியார் சொல்லாமல் பிள்ளையே கண்டுபிடிக்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும். ரெஸ்னிக்குக்கு முன்னோடியான சீமோர் பேப்பர்ட், 1967-ல் உருவான ‘லோகோ’ நிரல் மொழியின் வழியே சொல்லிவந்ததும் இதைத்தான்: கணினி குழந்தைக்குப் பாடம் நடத்த வேண்டாம், குழந்தை கணினிக்குக் கட்டளையிடட்டும்.

இதே கேரளத்தின் இன்னொரு முகத்தையும் மறைக்கக் கூடாது. செல்போனிலும் ஆன்லைன் விளையாட்டிலும் மூழ்கிய சிறுவர்களை மீட்க, கேரளக் காவல் துறை 2023-ல் ‘டி-டாட்’ மையங்களைத் தொடங்கியது. திருவனந்தபுரமும் அவற்றில் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் கட்டுப்பாடற்ற கேம் பழக்கத்தை நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பயப்படும் பெற்றோர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும்படி யாரோ வடிவமைத்த விளையாட்டும், தானே எழுதித் திருத்தி முடிக்கிற விளையாட்டும் ஒன்றல்ல.

எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்கிராட்ச் பொதுப் பாடத்திலும் இருக்கிறது, ஆனால் முகாமும் கூடுதல் பயிற்சியும் தேர்வில் தேறி மன்றத்துக்குள் வந்தவர்களுக்குத்தான். ஆர்வத்தை வளர்க்க வந்த திட்டத்தின் வாசலில் ஒரு பரீட்சை எதற்கு? ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களைத்தானே அது வடிகட்டி எடுக்கும்? கணக்கைக் கண்டு ஓடுகிற பிள்ளைக்குத்தான் அந்தப் பறக்கும் பூ அதிகம் தேவை.

கேரளத்தின் பாடநூல்கள் தமிழிலும் கன்னடத்திலும்கூட வருகின்றன. திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்ற பகுதியில் தமிழ்வழி அரசுப் பள்ளியே இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன, கணினிகள் இருக்கின்றன. ஸ்கிராட்ச் இலவசம், ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளைகள் அந்த ஆய்வகத்தில் வாரத்தில் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்கள், அங்கே என்ன செய்கிறார்கள்?