சூரிய ஆற்றலில் இயங்கும் கம்பியில்லா வானிலை உணரி

சூரிய ஆற்றலில் இயங்கும் கம்பியில்லா வானிலை உணரி என்பது, வீட்டுக்கு வெளியே காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், வளிமண்டல அழுத்தம் ஆகியவற்றை அளந்து, வை-ஃபை வழியாக வீட்டிலுள்ள கணினிக்கு அனுப்பும் சிறு மின்னணுக் கருவி ஆகும். பகலில் சூரியத் தகடு மின்கலத்தை மின்னேற்றுகிறது. இரவிலும் மழைநாட்களிலும் கருவி அம்மின்கலத்தைக் கொண்டு இயங்குகிறது.

உறுப்புகள்

- இஎஸ்பி8266: வை-ஃபை வசதி கொண்ட நுண்கட்டுப்படுத்தி.
- பிஎம்இ280: பாஷ் நிறுவனத்தின் உணரி. ஈரப்பதத்துடன், −40 முதல் 85 °செ வரையான வெப்பநிலையையும் 300 முதல் 1100 ஹெக்டோபாஸ்கல் வரையான அழுத்தத்தையும் அளக்கும்.
- 18650 வகை லித்தியம்-அயனி மின்கலம்.
- டிபி4056 மின்னேற்றி: மின்கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாது.
- 5 வோல்ட் சூரியத் தகடு.
- 3.3 வோல்ட் மின்னழுத்தச் சீராக்கி.

மின் கணக்கு

வை-ஃபை இயங்கும்போது இஎஸ்பி8266 சராசரியாக 80 மில்லியாம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். நாள் முழுவதும் விழித்திருந்தால் 80 × 24 = 1920 மில்லியாம்பியர்-மணி செலவாகும். 2000 மில்லியாம்பியர்-மணி மின்கலம் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

ஆழ்துயில் நிலையில் இது ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியர் மட்டுமே எடுக்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 6 நொடி விழித்தால், நாளொன்றுக்கு 144 முறை, அதாவது 864 நொடி (0.24 மணி) மட்டுமே விழிப்பு. செலவு 19.2 மில்லியாம்பியர்-மணி, துயிலின் செலவு 0.48. மொத்தம் ஏறத்தாழ 20. அதே மின்கலம், கணக்கின்படி, வெயிலே இல்லாமல் 100 நாள் தாங்கும். துயிலிலிருந்து தானாக விழிக்க, 16ஆம் முனையை மீட்டமைப்பு முனையுடன் இணைக்க வேண்டும்.

சீராக்கியின் தேர்வும் முக்கியமானது. பரவலாகக் கிடைக்கும் ஏஎம்எஸ்1117 சீராக்கி தனக்கென்றே ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் எடுக்கும். நாளொன்றுக்கு அது 120 மில்லியாம்பியர்-மணி. அதாவது மற்ற எல்லாச் செலவையும் போல ஆறு மடங்கு. எனவே சில மைக்ரோஆம்பியர் மட்டும் எடுக்கும் சீராக்கியே இதற்கு ஏற்றது.

பொருத்தும் இடம்

உணரி அளக்க வேண்டியது காற்றின் வெப்பநிலையை. வெயில் பட்டுச் சூடான பெட்டியின் வெப்பநிலையை அன்று. இதற்காகவே ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் சாய்சட்டங்கள் கொண்ட வெண்ணிறப் பெட்டியை வடிவமைத்தார். வானிலை நிலையங்களில் இன்றும் அதைக் காணலாம். வீட்டில், வெண்ணிறத் தட்டுகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே உணரியை வைக்கலாம். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம் பொருத்தமானது. வெயிலில் சூடேறும் சுவர், மொட்டைமாடித் தளம் ஆகியவற்றுக்கு அருகில் வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

சூரியத் தகட்டை மட்டும் வெயிலில் வைத்து, மின்கலத்தை நிழலில், நீர் புகாத தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். மிகுந்த சூடு லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும், பாதுகாப்புக்கும் கேடானது.