கஞ்சியும் பாவும்: இடர்க்காலத்தில் அன்றாட வாழ்வு

சிந்தாதிரிப்பேட்டை என்னும் பெயருக்கு விளக்கம் கேட்டால், நம் மாணவருள் சிலர் 'சிந்தை' என்னும் சொல்லைப் பிடித்துக்கொள்வர். சிந்தை திரியாதவர் வாழ்ந்த ஊர் என்று ஒருவர் எழுதியதைக் கண்டு நாம் நகைத்ததுண்டு. உண்மையான பெயர்க்காரணம் எளியது. சின்னத் தறிப்பேட்டை என்பதே மருவிச் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர் வரலாற்றறிஞர். 1734ஆம் ஆண்டில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை ஆளுநராகிய ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பார், சுங்குராமர் என்னும் வணிகருக்கு உரியதாயிருந்த மரநிழல் மிக்க தோட்டத்தில் நெசவாளரையும் நூற்பாரையும் சாயம் தோய்ப்பாரையும் குடியேற்றினார். கும்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. நெசவாளர்க்கு நிழல் வேண்டியிருந்தது.

நிழல் எதற்கென்பது இற்றை நாள் மாணவர்க்கு விளங்காது. தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாட்டில் அமையும் பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பது வழக்கம். கஞ்சி ஏறிய நூலில் பிசிறு அடங்கும்; இழை வலுப்பெறும்; ஊடை நூல் குறுக்கே ஓடும்போது ஏற்படும் உராய்வைத் தாங்கும். இப்பணியை விடியற்காலையில் செய்வர். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி விரைவில் உலர்ந்து நூல் முறியும். எத்துணைக் கருத்தோடு செய்தாலும் சில இழைகள் அறுந்தே தீரும். அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிந்துவிட்டு, அடுத்ததை நோக்குவர். இழை அறுவது தொழிலுக்கு நேர்ந்த இடையூறாகக் கருதப்படுவதில்லை. முடிவதும் தொழிலின் ஒரு பகுதியே.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டு, 'துன்பத்தை நெசவாளி போல் ஏற்றுக்கொள்க' என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. தறிப்பேட்டை அமைந்து பன்னிரண்டே ஆண்டுகளில், 1746இல், பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. 1758 இறுதியில் லாலியின் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. அந்நாள்களிலெல்லாம் தறி தடையின்றி ஓடியிருக்கும் என்று நம்புவதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்தபோது, தமிழகத்தின் தறிகள் பல ஓய்ந்தன. நெசவாளர் மன அமைதி குன்றியதால் அவை ஓயவில்லை. நெய்த துணிக்கு விலை கிடைக்காமையால் ஓய்ந்தன. அமைதியைப் பற்றிப் பேசப் புகுவோர் இதனை மறத்தல் ஆகாது. பசித்தவனுக்குப் பொறுமையை மட்டும் பரிமாறுவது அறமன்று.

அவ்வாறாயின், இடர்க்காலத்தில் அமைதி என்று நாம் எதனைச் சொல்கிறோம்?

2020ஆம் ஆண்டு நமக்கு இவ்வினாவை ஏட்டிலிருந்து எடுத்து வீட்டிற்குள் வைத்தது. மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. கல்லூரி வாயில் மூடப்பட்டது. பள்ளிவாசலில் பாங்கொலி கேட்டது, வரிசை இல்லை. அவ்வாண்டு எங்கள் அன்னையார் மறைந்தார். இறுதிச் சடங்கில் இருபது பேருக்குமேல் கூடலாகாது என்பது விதி. உடன்பிறந்தாருள் எவரை வரச்சொல்வது, எவரைத் தடுப்பது என்று எண்ணிக்கை போட்ட அந்தக் காலைப்பொழுதை இன்றும் நினைக்க இயலவில்லை. பின்னர்க் கைப்பேசித் திரையின்முன் அமர்ந்து வகுப்பெடுக்கத் தொடங்கினோம். ஒரு நாள், பன்முறை நடத்திய பாடமொன்றின் நடுவே நா எழவில்லை. இணைப்புத் துண்டிக்கப்பட்டதாக மாணவர் எண்ணிக்கொண்டனர். நாமும் மறுக்கவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091இல் பக்தாது நிஜாமிய்யாக் கல்லூரியின் தலைமைப் பேராசிரியராக அமர்த்தப்பெற்றவர். நூற்றுக்கணக்கான மாணவர் அவர்தம் உரை கேட்டனர். 1095இல் அவர் உள்ளத்தே பெரும் போராட்டம் மூண்டது. புகழுக்காகவே கற்பிக்கிறோமோ என்னும் ஐயம் அவரை அரித்தது. ஏறத்தாழ ஆறு திங்கள் தத்தளித்தார். ஒரு நிலையில் நா கட்டுண்டது. மாணவர் பொருட்டேனும் பேச முயன்றும் ஒரு சொல் வரவில்லை. உணவும் உள்ளே இறங்கவில்லை. மருத்துவர் கைவிரித்தனர். இவற்றையெல்லாம் அவரே 'அல்முன்கித்' என்னும் தம் நூலில் மறைக்காது எழுதியுள்ளார். அத்துணைப் பெரிய ஆசிரியர் தம் நா எழாமையை எழுதி வைத்தது, பின்வந்த சிறிய ஆசிரியர்க்குச் செய்த பேருதவி எனலாம்.

அவர் பதவியைத் துறந்து திமிஷ்குக்குச் சென்று தனித்திருந்தார் என்பது பலரும் அறிந்தது. பலரும் கவனியாத பகுதி ஒன்றுண்டு. பிள்ளைகளின் அழைப்பும் குடும்பக் கவலைகளும் தம்மை மீண்டும் ஊருக்கு இழுத்தன என்கிறார். ஊர் திரும்பிய பின்னர் முழுத் தனிமை வாய்க்கவில்லை. அமைதி இடையிடையே மட்டும் கிட்டியது. ஆயினும் நம்பிக்கை இழக்கவில்லை என்கிறார். பத்தாண்டுக்கு மேல் கழிந்து, 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்.

அவர் இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் நாற்பது பகுதிகள் கொண்டது; பப்பத்துப் பகுதிகளாக நான்கு கூறுகள். முதற்கூறு வணக்கம் பற்றியது. அடுத்து உள்ளத்தின் நோய்களுக்குச் செல்வார் என்று எதிர்பார்ப்போம். செல்லவில்லை. இரண்டாம் கூறு அன்றாட வாழ்வுக்குரியது. அதன் முதற்பகுதியே உணவு உண்ணும் முறை. திருமணமும் தொழில்செய்து பொருளீட்டலும் அதனைத் தொடர்கின்றன. உள்ளத்தின் கேடுகளும் அவற்றிலிருந்து மீளும் வழிகளும் அதன் பின்னரே வருகின்றன. பொறுமை பற்றிய பகுதி நான்காம் கூற்றில்தான் உள்ளது. சோற்றுத் தட்டைக் கடந்தே பொறுமைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

தமிழாசிரியராகிய நமக்கு இங்கே திருக்குறளின் வைப்புமுறை நினைவில் எழுதல் இயல்பே. இடுக்கண் அழியாமை என்பது 63ஆம் அதிகாரம்; அரசியல் என்னும் இயலின் இறுதி அதிகாரம். அதற்கு முன்னர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்றும் வரிசையாக நிற்கின்றன. மனத்தைத் தேற்றிக்கொண்டு பிறகு செயலில் இறங்குக என்பதன்று வள்ளுவர் வகுத்த முறை. ஊக்கமும் முயற்சியும் முன்னே நிற்க, கலங்காமை அவற்றின்பின் வருகிறது. இருவேறு நாட்டினர், இருவேறு காலத்தினர், இருவேறு சமயச் சூழலினர். இருப்பினும் வரிசை ஒத்திருப்பது வியப்பைத் தருகிறது. 'சப்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருளும் தன்னைத் தடுத்து நிறுத்திக்கொள்ளுதல் என்பதே. அதுவும் ஒரு வினைதான், வாளாவிருத்தலன்று.

2020 ஏப்ரல் இறுதியில் ரமலான் பிறந்தது. தமிழக அரசு நோன்புக் கஞ்சிக்கென ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. அவ்வாண்டு பள்ளிவாசலில் கூடிக் காய்ச்சவும் குடிக்கவும் இயலாதாகையால், அரிசியைச் சிறு பைகளாக்கித் தன்னார்வலர் வழியே வீடுகளுக்குக் கொடுக்குமாறு ஏற்பாடாயிற்று. பெருங்கொப்பரையில் வெந்து ஊருக்கே மணந்த கஞ்சி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு பானைக்குச் சுருங்கியது.

எங்கள் வீட்டில் அன்னையார் இல்லாத முதல் நோன்பு அது. அரிசி எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு என்பதை அவர் எழுதி வைத்தாரில்லை. கைப்பிடியே அவருக்கு அளவு. முதல் நாள் வெந்தயம் மிகுந்து கசந்தது. மறுநாள் அடிப்பிடித்தது. அதற்கடுத்த நாள் பூண்டு உரித்துக்கொண்டிருக்கையில், காலை வகுப்பில் விட்ட இடத்திலிருந்து பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பதை நாமே உணர்ந்தோம். கேட்பார் எவருமில்லை. பாடம் முடிந்தபோது கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றும் பதம் வந்திருந்தது.

2022இல் பள்ளிவாசல்களில் மீண்டும் கொப்பரைகள் ஏறின. தறிகள் மறைந்த சிந்தாதிரிப்பேட்டைத் தெருக்களின் வழியே அவ்வாண்டு ஒரு மாலை நடந்து சென்றோம். தூக்குவாளியோடு சிறுவர் சிலர் கஞ்சி வாங்கிக்கொண்டு எதிரே வந்தனர். சிந்திவிடாமல் நடக்க வேண்டும் என்பதில் அவர்தம் கருத்து முழுதும் இருந்தது. ஒருவனும் நம்மை நிமிர்ந்து நோக்கவில்லை.