அரிசி இல்லாத வீட்டில் பிறந்த பாட்டு

கர்நாடக சங்கீதத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. அப்படிப்பட்ட நான், முத்துஸ்வாமி தீட்சிதரின் வாழ்க்கையைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை, மாவு ஆட்டும் வேலையைக்கூட தள்ளி வைத்துவிட்டு முழுசாகப் பார்த்தேன்.

கல்யாண வீடுகளில் நாதஸ்வரத்தில் வாசிப்பார்களே, 'வாதாபி கணபதிம்', அது இவர் பாட்டுதானாம்! 1775ல் திருவாரூரில் பிறந்தவர். தியாகராஜரும் சியாமா சாஸ்திரியும் பிறந்ததும் அதே ஊர்தான். சின்ன வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். அதற்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். 'சியாமளே மீனாக்ஷி' என்று ஒன்றைப் பாடியதும், மூன்றாவது படிக்கும் என் மகள், "அம்மா, இது டுவிங்கிள் டுவிங்கிள்!" என்று குதித்தாள். அதே மெட்டுதான். இவர் தம்பி பாலுஸ்வாமி, மணலியில் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தாராம். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா, சொல்லுங்கள்.

என் மனதைத் தொட்டது கமலம் கதை. திருவாரூரில் நாட்டியமாடிய பெண், தீட்சிதரிடம் பாட்டு கற்றவள். ஒருநாள் குருவின் வீட்டில் அரிசி இல்லை. தன் தங்க வளையலை அடகு வைத்து சாமான் வாங்கி வருகிறேன் என்கிறாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லலிதா ராகத்தில் மகாலட்சுமி மேல் 'ஹிரண்மயீம்' பாடினாராம். யாரோ அதிகாரி வருகிறார் என்று சேர்த்து வைத்த சாமான்கள், அவர் வராததால் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாம். கதையோ நிஜமோ, கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒன்று, தோழிகளே. தீட்சிதருக்கு மனைவியர் இரண்டு பேராம். படம் முழுக்க அவர்கள் பெயரே வரவில்லை! அரிசிப் பானை காலி என்பது முதலில் அடுப்படியில் நிற்பவளுக்குத்தானே தெரியும்? சிஷ்யை பெயராவது நிலைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். "நம்ம பேரை மட்டும் யாரு எழுதி வைக்கப் போறா, விடும்மா" என்று சிரித்தார் அத்தை.

கடைசியில் அவர் வந்து சேர்ந்தது நம் பக்கத்து எட்டயபுரத்துக்கு! தம்பி அங்கே சமஸ்தான வித்வான். 1835 தீபாவளி அன்று, சிஷ்யர்கள் 'மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்ததாம். தம்பியின் பேரன் சுப்பராம தீட்சிதர் அந்தப் பாட்டுகளை ஸ்வரத்தோடு எழுதி, 1904ல் எட்டயபுரத்திலேயே பெரிய புத்தகமாக அச்சிட்டிருக்கிறார்.

எட்டயபுரம் என்றால் பாரதியார் மட்டும்தான் நமக்குத் தெரியும். தீட்சிதர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. "என்னங்க, பரீட்சை லீவில் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவோமா?" என்றேன். "கோவில்பட்டி போய் பஸ் மாறணும், காலையிலேயே கிளம்பணும்" என்கிறார் என்னவர். புளியோதரை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

– வாசகி, சங்கரன்கோவில்.