டிஸ்சார்ஜ் ஆனவர் ஏன் திரும்பி வருகிறார்?

இதயச் செயலிழப்பு நோயாளிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மூச்சிரைப்பும் இல்லை. டிஸ்சார்ஜ் எழுதியாயிற்று. கையில் ஒரு பை நிறைய புது மாத்திரை; வீட்டு அலமாரியிலோ பழைய மாத்திரை ஒரு டப்பா. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது? தெரியாமல் இரண்டையும் போடுகிறார், அல்லது இரண்டையும் விடுகிறார். பத்தாம் நாள் மறுபடியும் அவசரப் பிரிவு.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் இப்படித் திரும்பி வருவதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இடையில் எந்த டாக்டரையும் பார்த்ததற்கான பில்லே இல்லை! 2012 அக்டோபரில் அரசு அபராதம் போடத் தொடங்கியது: மறுசேர்க்கை அளவுக்கு மீறினால் மருத்துவமனைக்குத் தரும் தொகையில் பிடித்தம், இப்போது 3 சதவீதம் வரை. ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகள்தான் இதில் கூடுதலாக அடிபட்டன. பின்னாளில் கணக்கிடும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று.

அபராதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பாஸ்டனில் 749 நோயாளிகளிடம் செய்து பார்த்த எளிய ஏற்பாடு. டிஸ்சார்ஜுக்கென்றே ஒரு நர்ஸ். மருந்து, அடுத்த சந்திப்பு, யாருக்கு போன் செய்வது என எல்லாம் எளிய மொழியில் எழுதிய கையேடு. இரண்டு முதல் நான்கு நாளில் மருந்தாளுநரே போனில் கூப்பிட்டு விசாரிப்பார். 30 நாளில் மறுசேர்க்கையும் அவசரப் பிரிவு வருகையும் சேர்த்து சுமார் 30 சதவீதம் குறைந்தன.

அந்த நர்ஸ் "புரிந்ததா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாளைக் காலை எந்த மாத்திரை போடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் ஓட்டை தெரியும்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. நியூஜெர்சியின் கேம்டனில் அடிக்கடி அட்மிட் ஆகும் நோயாளிகளுக்கு நர்ஸும் சமூகப் பணியாளரும் வீடு தேடிப் போனார்கள். பெரிதாகப் பேசப்பட்ட திட்டம். 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தபோது, ஆறு மாதத்தில் இரு தரப்பிலும் 62 சதவீதம் பேர் திரும்பி வந்திருந்தனர். 2020இல் இந்த முடிவு வெளியானது.

உங்கள் வீட்டில் யாராவது டிஸ்சார்ஜ் ஆகும்போது பழைய மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போங்கள். எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். இதயச் செயலிழப்பு நோயாளி என்றால் தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் மூச்சிரைக்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள்.